மயக்க மருந்து: பயமும் வேண்டாம், மறைப்பும் வேண்டாம்



"ஐயா, கத்தி வைக்கிறதுக்கு எனக்குப் பயம் இல்லே. மயக்க ஊசி போட்டா திரும்ப எழுந்திரிப்பேனா, அதுதான் பயம்." பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்குத் தேதி கிடைத்தவர்கள் பலர் தோட்ட மருந்தகத்திற்கு வந்து என்னிடம் சொல்வது இதுதான். சிலர் இந்தப் பயத்திலேயே தேதியைத் தள்ளிப் போட்டு விடுகிறார்கள். பித்தப்பையில் கல் இருந்த ஒரு பால்மரத் தொழிலாளப் பெண், இரண்டு முறை தேதி கொடுத்தும் போகவில்லை. மூன்றாவது முறை அவராகப் போகவில்லை. பித்தப்பை சீழ் பிடித்து, காய்ச்சலோடு நடுராத்திரியில் வேனில் ஏற்றிக் கொண்டு போனோம். பிழைத்து விட்டார். ஆனால் நிதானமாகச் செய்திருந்தால் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பியிருக்கலாம். அவசரமாகச் செய்ததால் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார்.

ஒன்றை மனதில் வையுங்கள். தேதி குறித்து, உடம்பைச் சரிபார்த்துச் செய்கிற ஆப்பரேஷனை விட, அவசரத்தில் செய்கிற ஆப்பரேஷனில்தான் ஆபத்து அதிகம். ஆகவே இந்த மாதம் மயக்க மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

மயக்கம் என்பது தூக்கமா?

இல்லை. தூங்குகிறவரைக் கிள்ளினால் எழுந்து விடுவார். மயக்க மருந்து கொடுத்தவர் எழ மாட்டார். மருந்து மூளைக்குள் போய், வலி தெரிவதையும் நினைவு பதிவதையும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது. மருந்தை நிறுத்தினால் மூளை மறுபடி தன் வேலையைத் தொடங்குகிறது.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியை முகரவைத்து, பலர் முன்னிலையில் ஒருவருக்கு ஆப்பரேஷன் செய்ய வழி செய்தார். அதற்கு முன்பெல்லாம் நோயாளியை நாலு பேர் பிடித்துக் கொள்ள, டாக்டர் வெட்டுவார். இன்றைக்கு ஈதர் இல்லை. கை நரம்பில் புரோபோஃபால் என்ற வெள்ளை நிற மருந்தை ஏற்றுவார்கள். ஒரு நிமிடத்திற்குள் நினைவு போய்விடும். அதன் பிறகு ஒரு வாயுவை மூச்சோடு சேர்த்துக் கொடுத்தோ, அதே மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோ மயக்கத்தை நிலைநிறுத்துவார்கள். வயிறு, நெஞ்சு போன்ற இடங்களில் ஆப்பரேஷன் என்றால் தசைகளைத் தளர்த்தவும் ஒரு மருந்து உண்டு. தசை தளர்ந்தால் மூச்சு விடும் தசையும் தளர்ந்து விடும். அதனால்தான் தொண்டைக்குள் குழாய் விட்டு இயந்திரத்தால் மூச்சுக் கொடுக்கிறார்கள்.

"ஊசி போட்டுட்டு டாக்டர் போயிடுவாரா?" என்று சிலர் கேட்கிறார்கள். போகமாட்டார். வெட்டுகிற டாக்டர் வேறு, மயக்க மருந்து டாக்டர் வேறு. மயக்க மருந்து டாக்டரோ அவருடைய குழுவில் பயிற்சி பெற்றவரோ ஆரம்பம் முதல் கடைசி வரை உங்கள் தலைமாட்டிலேயே இருந்து, மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கவனித்துக் கொண்டிருப்பார்.

எழுந்திரிக்காமல் போவது உண்டா?

மறைக்காமல் சொல்கிறேன். ஆபத்தே இல்லாத வைத்தியம் கிடையாது. ஆனால் வேறு நோய் இல்லாத ஒருவர் மயக்க மருந்தால் மட்டும் இறந்து போவது ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்கு நேர்கிற காரியம். இருதய நோய், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது கூடும். அதனால்தான் முன்கூட்டியே வரச்சொல்லிப் பரிசோதிக்கிறார்கள்.

"பாதியிலே முழிச்சிட்டா?" என்பது அடுத்த பயம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடு முழுவதும் கணக்கெடுத்து 2014-இல் வெளியிட்டார்கள். முழு மயக்கம் கொடுத்தவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர்தான் இடையில் நினைவு வந்ததாகச் சொல்லியிருந்தார்.

இந்த நிலைமைக்கு வர உதவிய பல சாதனங்களில் சிலவற்றைத் தெரிந்து கொள்ளுங்கள்.

விரலில் மாட்டும் கிளிப். இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று ஒளியை வைத்து அளக்கும் கருவி இது. 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். கோவிட் காலத்தில் நம் லயங்களிலேயே பலர் வாங்கி வைத்திருந்தோம். ஒரு விஷயம்: கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கிளிப் சில சமயம் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2020-இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று எடுத்துக் காட்டியது. ஆகவே வீட்டில் நம்பர் நன்றாக இருந்தும் மூச்சு முட்டினால், நம்பரை நம்பாதீர்கள், உடனே கிளம்புங்கள். ஆஸ்பத்திரியில் கிளிப்பை மட்டும் பார்ப்பதில்லை. விடுகிற மூச்சில் உள்ள கரிவாயுவையும் அளக்கிறார்கள்.

கேமரா வைத்த கருவி. தொண்டைக்குள் குழாய் விடும்போது டாக்டர் முன்பு குனிந்து கண்ணால் பார்த்துத்தான் விடுவார். இப்போது நுனியில் சிறு கேமரா இருப்பதால் திரையில் பார்த்து விடலாம். வாய் சரியாகத் திறக்காதவர்களுக்கு இது பெரிய உதவி.

தசையை மீட்கும் புது மருந்து. தளர்ந்த தசை மெதுவாகத்தான் பழைய நிலைக்கு வரும். 2008-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற சுகமாடெக்ஸ் என்ற மருந்து, ரொக்குரோனியம் போன்ற தளர்ச்சி மருந்தின் துகளைச் சிமிழுக்குள் அடைப்பது போல அடைத்துக் கொள்கிறது. சில நிமிடங்களில் பலம் திரும்புகிறது. எல்லோருக்கும் இது தேவைப்படாது. டாக்டர் தீர்மானிப்பார்.

ஸ்கேன் பார்த்துப் போடும் நரம்பு ஊசி. கை முறிந்தவருக்குக் கழுத்துப் பக்கம் அல்லது அக்குள் பக்கம், ஸ்கேன் திரையில் நரம்பைப் பார்த்து, அந்தக் கை மட்டும் மரத்துப் போக ஊசி போடலாம். ஆள் விழித்திருக்கும்போதே ஆப்பரேஷன் முடிந்து விடும். பிறகும் பல மணி நேரம் வலி தெரியாது.

முதுகு ஊசியும் நம் ஊர்ப் பேச்சும்

"முதுகுலே ஊசி போட்டாங்க, அதிலேர்ந்து ஆயுசுக்கும் முதுகு வலி." இதைச் சொல்லாத தாய்மார் நம் தோட்டத்தில் குறைவு. பிள்ளைப்பேறு ஆப்பரேஷன், குடலிறக்கம், கால் எலும்பு முறிவு போன்றவற்றிற்கு இந்த ஊசி போடுகிறார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முடிகிற இடத்திற்குக் கீழேதான் ஊசி போகிறது. ஆகவே தண்டுவடத்தைக் குத்திவிடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் வருஷக்கணக்கான முதுகு வலிக்கு இந்த ஊசி காரணம் என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. பிள்ளை பெற்ற பெண்களில் ஊசி போடாதவர்களுக்கும் முதுகு வலி வருகிறது. பிள்ளையைத் தூக்குவதும், குனிந்து பால் கொடுப்பதும், உடம்பு தேறுமுன் வாளி சுமப்பதும் காரணமாக இருக்கலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது தலைவலி. ஊசி போட்ட சில நாட்களுக்குள், எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் குறைகிற தலைவலி வந்தால் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்கள். இப்போதைய மெல்லிய ஊசியில் இது நூற்றில் ஒருவருக்கு வருவதே அதிகம். வந்தாலும் வைத்தியம் உண்டு. தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டாம்.

பட்டினி: பழைய கணக்கும் புதுக் கணக்கும்

மயக்கத்தில் தொண்டை தன் காவல் வேலையை மறந்து விடுகிறது. வயிற்றில் சோறு இருந்தால் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கும். வயிற்று அமிலம் நுரையீரலை வேக வைத்து விடும். இதில் உயிரே போகலாம். ஆகவேதான் பட்டினி.

முன்பு "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேலே ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாது" என்றார்கள். இது மாறிவிட்டது. இப்போது உலகெங்கும் பின்பற்றப்படும் பொதுக் கணக்கு இது:

எண்ணெயில் பொரித்தது, கறி, நாசி லெமாக் போன்ற கனமான சாப்பாடு: 8 மணி நேரத்திற்கு முன்.
ரொட்டி போன்ற லேசான சாப்பாடு, பால், மைலோ, பால் கலந்த தேத்தண்ணீர்: 6 மணி நேரத்திற்கு முன்.
குழந்தைக்குத் தாய்ப்பால்: 4 மணி நேரத்திற்கு முன்.
வெறும் தண்ணீர், பால் கலக்காத கோப்பி-ஓ, தே-ஓ: 2 மணி நேரத்திற்கு முன் வரை.

ஐரோப்பிய மயக்க மருந்து மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில், குழந்தைகளுக்குத் தெளிந்த நீரை 1 மணி நேரத்திற்கு முன் வரைகூடக் கொடுக்கலாம் என்கிறார்கள். தண்ணீர் வயிற்றில் தங்குவதில்லை, சீக்கிரம் இறங்கி விடுகிறது. நீண்ட தாகத்தால் தலைவலியும் சோர்வும்தான் மிச்சம் என்று தெரிந்ததால் வந்த மாற்றம் இது. ஆனால் உங்கள் வார்டில் சொல்கிற நேரம்தான் உங்களுக்குச் சட்டம். சர்க்கரை நோய், வயிற்றுக் கோளாறு, கர்ப்பம் உள்ளவர்களுக்குக் கணக்கு மாறலாம்.

பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். "பச்சப் புள்ள, பசியிலே வாடுதே" என்று யாருக்கும் தெரியாமல் மைலோ ஊட்டாதீர்கள். ஒரு சிறுவனுக்கு இப்படி நடந்தது. நல்ல வேளையாக அவன் தானே நர்ஸிடம் சொல்லிவிட்டான். ஆப்பரேஷன் வேறு தேதிக்குப் போனது. தகப்பனுக்கு ஒரு நாள் சம்பளம் போனது. அவன் சொல்லாமல் இருந்திருந்தால்?

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

மயக்க மருந்து டாக்டர் கேட்கும் கேள்விகள் உங்களைக் குற்றவாளி ஆக்குவதற்கு அல்ல. நீங்கள் சொல்கிற பதிலை வைத்துத்தான் மருந்தையும் அளவையும் தேர்ந்தெடுப்பார்.

வெற்றிலை பாக்கு. பல வருஷம் பாக்குப் போட்டவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் இறுகி, வாய் திறப்பது குறைந்து போகலாம். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் கட்டாயம் சொல்லுங்கள். குழாய் விடும் டாக்டர் முன்கூட்டியே கேமராக் கருவியோடு தயாராக இருப்பார். ஆடுகிற பல், கட்டிய பல் இருந்தாலும் சொல்லுங்கள்.

கள்ளு, சம்சு, பீர். தினமும் குடிக்கிறவர் ஆஸ்பத்திரியில் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, பிதற்றி, வலிப்புகூட வரலாம். முன்பே தெரிந்தால் தடுக்க மருந்து உண்டு. மனைவி பக்கத்தில் இருக்கிறார் என்று "நான் குடிக்கிறதே இல்லே டாக்டர்" என்று சொல்லிவிடாதீர்கள்.

சிகரெட். ஒரு நாள் நிறுத்தினாலே இரத்தத்தில் உள்ள நச்சுப்புகை குறைந்து பிராணவாயு சுமக்கும் சக்தி கூடும். நாலு வாரம் நிறுத்தினால் நுரையீரல் கோளாறும், காயம் ஆறாமல் போவதும் குறையும். தேதி கிடைத்த அன்றே நிறுத்துங்கள்.

மருந்து அடிக்கும் வேலை. இது நமக்கே உரிய விஷயம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் சேர்ந்தால், இரத்தத்தில் உள்ள ஒரு நொதியின் வேலை குறைந்து விடும். சக்ஸமெத்தோனியம் என்ற தசைத் தளர்ச்சி மருந்தை உடைத்து வெளியேற்றுவது அதே நொதிதான். சாதாரணமாகச் சில நிமிடத்தில் தீர வேண்டிய தளர்ச்சி, இவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கலாம். அதுவரை இயந்திரம்தான் மூச்சு விட வேண்டும். முன்பே தெரிந்தால் வேறு மருந்து கொடுத்து விடுவார்கள். களைக்கொல்லி வேறு, பூச்சிமருந்து வேறு. நீங்கள் அடிப்பது எது என்று தெரியாவிட்டால், கேன்மீது உள்ள பெயரை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள்.

குடும்பத்தில் நடந்தது. இந்த நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. வேறு சில குடும்பங்களில், மயக்க வாயு பட்டவுடன் உடம்பு விறைத்து, அனலாகக் கொதிக்கும் ஒரு பரம்பரைக் கோளாறும் உண்டு. அபூர்வம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்து. அண்ணன், அக்காள், சித்தப்பா யாராவது ஆப்பரேஷனில் எழத் தாமதமானார் அல்லது இறந்தார் என்றால், பழைய கதை என்று விட்டுவிடாதீர்கள், சொல்லுங்கள்.

மருந்து மாத்திரைகள். இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாக விழுங்கவும் வேண்டாம். எது, எந்த நாள் வரை என்று கேளுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக மூன்று நாளைக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். சர்க்கரைக்கும் எடை குறையவும் வாரம் ஒருமுறை போடுகிற ஊசி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அதையும் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து, ஜாமு, சந்தையில் வாங்கிய "எல்லா வலிக்கும் ஒரே மாத்திரை" எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஆப்பரேஷன் அன்று

பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆப்பரேஷன் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள். "இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்று கோபப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டு வந்தது. எட்டு நாட்டு ஆஸ்பத்திரிகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில், ஆப்பரேஷனுக்குப் பிந்திய மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது என்று 2009-இல் வெளியிட்டார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் வாயால் சொல்கிற பதிலும் ஒரு பகுதி.

நகப்பூச்சை அழித்து விடுங்கள். நகைகளை வீட்டில் வையுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராத தாய்மார்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். மின்சாரக் கருவியால் இரத்தத்தை நிறுத்தும்போது உலோகம் பட்ட இடம் சுட்டு விடக்கூடும் என்பதால்தான் கழற்றச் சொல்கிறார்கள். முதல் நாளே வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போவது நல்ல வழி. நர்ஸிடம் சொன்னால் அதை ஒட்டி வைப்பார்கள்.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: முழு மயக்கமா, முதுகு ஊசியா, நரம்பு ஊசியா? எனக்கு எது நல்லது? மொழி புரியவில்லை என்றால், "தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. புரியாமல் தலையாட்டாதீர்கள்.

ஆப்பரேஷன் முடிந்த பிறகு

முன்பெல்லாம் ஒரு வாரம் அசையாமல் படுக்க வைப்பார்கள். டென்மார்க் நாட்டு டாக்டர் ஹென்ரிக் கேலெட் 1990-களில் இதைக் கேள்வி கேட்டார். வலியை நன்றாக அடக்கி, சீக்கிரம் சாப்பிட வைத்து, சீக்கிரம் நடக்க வைத்தால் நோயாளி விரைவில் தேறுகிறார் என்று காட்டினார். இன்று உலகம் முழுவதும் இந்த முறை பரவியிருக்கிறது. ஆகவே மறுநாளே நர்ஸ் எழுப்பி நடக்கச் சொன்னால், அது கொடுமை அல்ல. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகலாம், நெஞ்சில் சளி கட்டலாம்.

நடக்கவும் இருமவும் வேண்டுமானால் வலி அடங்க வேண்டும். பூஜ்யம் முதல் பத்து வரை வலி எவ்வளவு என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நம் ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லே" என்பார்கள். தையல் மீது தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள், இருமுங்கள்.

முட்டை, மீன், கோழி சாப்பிட்டால் காயம் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பதை விட்டுவிடுங்கள். காயம் ஆறப் புரதம் தேவை. டாக்டர் தடுக்காவிட்டால் முட்டையும் மீனும் பருப்பும் சாப்பிடலாம். நம் ஊரில் கொடுக்கிற விரால் மீன் சூப்பும் நல்ல உணவுதான்.

வயதானவர்களுக்கு ஆப்பரேஷனுக்குப் பிறகு சில நாள் புத்தி தடுமாறலாம். செத்துப்போன தம்பியைக் கூப்பிடுவார், ஊசியைப் பிடுங்குவார். பேய் பிடித்தது என்று நினைக்காதீர்கள். கண்ணாடியையும் காது கருவியையும் கொடுத்து, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று பேசிக்கொண்டிருந்தால் தெளிவு வரும்.

அன்றே வீட்டுக்கு அனுப்பினால் 24 மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது, கத்தி, அரிவாள் எடுக்கக்கூடாது, குடிக்கக்கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும். காய்ச்சல், தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீக்கம், மூச்சு முட்டல், சிறுநீர் அடைப்பு, கால் மரத்தது மாறாமல் இருப்பது, இவற்றில் எது வந்தாலும் காலைப் பிரட்டு வரை காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விடுப்பு பற்றி ஒரு வார்த்தை

சம்பளம் போய்விடும் என்று தேறுமுன் வேலைக்கு இறங்குகிறவர்கள் உண்டு. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரி சிகிச்சைக்கான சம்பளத்தோடு கூடிய விடுப்பு வருடத்திற்கு 60 நாள். சாதாரண நோய் விடுப்பு (வேலை செய்த காலத்தைப் பொறுத்து 14, 18 அல்லது 22 நாள்) இதற்கு மேல் தனி. எம்.சி.யைப் பத்திரமாக வைத்து, நிர்வாகத்திற்கு உடனே தெரியப்படுத்துங்கள். தகராறு வந்தால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, தேதி கிடைத்தவுடன் ஒரு தாளில் இவற்றை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்: என்ன நோய்கள், என்ன மாத்திரைகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு என்ன ஆப்பரேஷன், குடும்பத்தில் மயக்க மருந்தால் யாருக்காவது கோளாறு, வெற்றிலை, புகை, குடி எவ்வளவு, தோட்டத்தில் என்ன மருந்து அடிக்கிறீர்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள், அல்லது உங்கள் தோட்ட மருந்தகத்திற்கு வாருங்கள். எழுதிக் கொடுக்கிறோம்.